கம்பு ஊன்றியவர் யார்

மட்டக்களப்பு
30.08.2010

அன்பு மகன் சிவதர்ஷனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

மாமாங்கேஸ்வரர் புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால் நோவு மட்டும் வந்து வந்து போகிறது. நீயும் மருமகளும் சின்னவளும் அந்தக் குளிர் ஊரில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கிற நேரமெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். கரடியனாற்றுப் பெரியம்மாவின் வயல் வட்டையில் சிறுபோகம் அறுத்து முடிந்தது, யானை ஒரு பக்கத்தைத் தின்றுபோட்டுப் போனதாம், மிச்சத்தில் எனக்கும் ஒரு மூட்டை நெல் அனுப்பினா. போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நல்லரத்தினம் எழுதின “ஆழிப்பேரலையில் என் பணி” புத்தகத்தை அவருடைய மகன் அங்கே ரொறன்ரோவில் வெளியிடுகிறாராம், ஊர்க்காரன் என்ற முறையில் உன்னையும் மேடையில் பேசக் கூப்பிடுகிறாராம், பேசட்டோ அம்மா என்று கேட்டாய். மழை வருகுது, கொடியில் உடுப்புக் கிடக்கு என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். ஆவணி வெயிலில் இங்கே என்ன மழை. அந்த நேரம் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை, அதுதான் வைத்தேன். போனில் சொன்னால் வேலைக் களைப்பில் ம் ம் என்று கேட்டுப்போட்டு, பழசை விடுங்க அம்மா என்பாய். கடிதம் என்றால் முழுவதையும் வாசித்துத்தான் ஆகவேண்டும்.

உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சுனாமி வந்த அன்றைக்கு நான் பெரியம்மாவைப் பார்க்கக் கரடியனாற்றுக்குப் போயிருந்தேன். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடந்த நம்முடைய பழைய ஊருக்குள் முதல் அலை வந்தது, சனமெல்லாம் வாவிப் பக்கம் ஓடினது, அப்பா கட்டியிருந்த தோணியை அவிழ்த்துப் பிள்ளைகளை ஏற்றி இந்தக் கரையில் இறக்கிப்போட்டு மறுபடியும் போனார், அதற்குள் பெரிய அலை வந்தது, அப்பாவும் இல்லை, தங்கச்சி தர்சினியும் இல்லை. இதை நான் இங்கே அழுது சொன்னேன், நீ அங்கே அழுது கேட்டாய். நான் உனக்குச் சொல்லாமல் விட்டது, அந்தத் தோணியில் பிள்ளைகளோடு பிள்ளையாக, வளர்ந்த ஆம்பிளை ஒருவரும் வந்து இறங்கினார் என்பது. அவர்தான் நல்லரத்தினம், கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். கரையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரும் கதைக்கவில்லை. எப்படிக் கதைப்பது. அன்றைக்கு ஆயுதம் வைத்திருந்தவர்களோடு அவர் சிரித்துச் சிரித்துப் பேசினார், அவர்கள் போய் மற்றவர்கள் வந்ததும் மற்றவர்களோடும் அதே சிரிப்பைச் சிரித்தார். வீட்டுத்திட்டத்தில் யாருக்குக் கல்வீடு, யாருக்குத் தகரக்கொட்டில் என்பதும் அவருடைய வாயில்தான் இருந்தது. ஒருவரைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொன்னால் சொன்ன ஆளைப் பிறகு காணக்கிடைக்காத காலம். நான் அதைக் கடிதத்தில் எழுதியிருந்தால் உடைத்து வாசிக்கிறவன் யார் என்றும் தெரியாது. போன வருஷம் சண்டை முடிந்த பிறகுதான் சனம் மெல்ல வாயைத் திறந்தது. அவரும் திறந்தார், புத்தகமாக.

அந்தப் புத்தகத்தை நீ வாசிக்கவில்லை என்பது நீ கதைத்த கதையிலேயே தெரிந்தது. வாசித்திருந்தால் பேசட்டோ என்று கேட்டிருக்கமாட்டாய். அதில் பிள்ளைகளைக் காப்பாற்றினது அவர். தோணியைக் கொண்டுவந்தது அவர். அப்பாவின் பேர் ஒரு இடத்திலும் இல்லை, ஆனால் “தோணிக்காரர் ஒருவர் அச்சத்தால் தோணியைக் கைவிட்டு ஓடிவிட்டார்” என்று ஒரு வரி இருக்கிறது. ஓடினவராம் வேலப்போடி, உன்னுடைய அப்பா, மகன். அந்த வரியை வாசித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் நன்றாகத் தின்றேன், எனக்கு வேலை இருந்தது.

வாசிகசாலையைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னிடம் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். காத்தான்குடியில் இருந்து வருகிற றஸீனா பிள்ளை, பிரதேச சபை நூலகத்தில் வேலை செய்கிறவ, ஆகஸ்ட் லீவில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்து வாசிக்கவைத்து, லீவு முடிகிற நேரம் பெற்றோருக்கு முன்னால் தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லவைக்கிறதென்று ஒரு ஒழுங்கு செய்தா. எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்பதை என் பொறுப்பில் விட்டா. மனேஜர் தன்னுடைய புத்தகத்தில் ஒரு கட்டை வாசிகசாலைக்கு அன்பளிப்பாகத் தந்து, பிள்ளைகள் வாசிக்கட்டும் தெய்வமணி என்று முதலே சொல்லியிருந்தார். அவருடைய சொல்லை நான் தட்டலாமா. வாசிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பார்த்துக் கொடுத்தேன். ஒரு பிள்ளைக்கும் நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, கற்பூரத்தில் அடித்துச் சொல்வேன். இது தோணிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், வாவியைப் பற்றிப் பொய் எழுதினால் கண்டுபிடிக்க அவர்களுக்கு டியூசன் தேவையில்லை. பிறகு அவருடைய வீட்டுக்கு நானே நடந்து போய், நீங்கள்தான் பிரதம விருந்தினர் என்று வெற்றிலை வைத்துக் கூப்பிட்டேன். மாலையும் நானே கட்டினேன். அவ்வளவு ஆசையாக நான் ஒரு சாமிக்கும் மாலை கட்டினதில்லை.

சனிக்கிழமை பின்னேரம் கூட்டம். அவரை முன்கதிரையில், மின்விசிறிக்கு நேரே இருத்தினேன். பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழும்பிச் சொன்னார்கள். ஒருத்தி ராசா கதை வாசித்தவள், அந்த ராசா பக்கத்துக்குப் பக்கம் அழுகிறாரே தவிர வேலை ஒன்றும் செய்யவில்லை, ராணிதான் பாவம் என்றாள். ஒருவனுக்குக் கிடைத்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது, முடிவைத் தானே யோசித்து வைத்ததாகவும் அது புத்தகத்தில் இருந்ததை விட நல்ல முடிவாகத்தான் இருக்கும் என்றும் சொன்னான். பனிமழை பெய்கிற ஊர்க் கதையை வாசித்தவள், இந்த ஊரில் ஏன் ஒருவரும் மீன் தின்னவில்லை என்று கேட்டாள், எனக்கு உன்னுடைய ஞாபகம்தான் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். மனேஜரும் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிக்கட்டும் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு நிஷாந்த் எழும்பினான், மீன்வாடிக்குப் பக்கத்து வீட்டுப் பெடியன், அஞ்சாம் வகுப்பு. மனேஜர் ஐயாட புத்தகம் நல்ல புத்தகம், அட்டைப்படம் நல்ல வடிவு, ஆனா ஒரு பிழை இருக்கு என்றான். றஸீனா பிள்ளை எந்த இடம் வாசி மகன் என்றா. அவன் நிமிர்ந்து நின்று வாசித்தான், “இரு கைகளிலும் இரு குழந்தைகளை அணைத்தபடி, கொந்தளிக்கும் வாவியைக் கடந்து தோணியைக் கரை சேர்த்தேன்.” வாசித்துப்போட்டு, ரெண்டு கையிலயும் புள்ளையெண்டா கம்ப ஆரு ஊண்டின என்று கேட்டான். நீ அங்கே போய் மறந்திருப்பாயோ தெரியாது, நம்முடைய வாவித் தோணி எழும்பி நின்று ரெண்டு கையாலும் கம்பை ஊன்றித் தள்ளினால்தான் நகரும், சும்மா இருந்தால் நின்ற இடத்தில் சுற்றும். இங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் அது தெரியும். சங்கக்கடையில் தராசு பிடித்த ஆளுக்குத் தெரியாமல் போய்விட்டது. சனம் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. அவர் தம்பி, அது கதைக்கு அழகா எழுதுற என்றார். அப்ப கதையா ஐயா என்றான் நிஷாந்த். மகன், ஆறு வருஷமாகக் காத்திருந்த எனக்கு அந்த நேரம் நெஞ்சு குளிர்ந்தது. இது போதும், இனி கூட்டத்தை முடிக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

ஆனால் யசோதினி எழும்பினாள். அவளுடைய முறை இல்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளை, கூட்டத்தில் வாய் திறக்காதவள். நானும் இத வாசிச்சன் மிஸ், இந்தப் புத்தகத்துக்குள்ள நான் இருக்கன் என்றாள். “ஒரு சிறுமி என் மார்பில் முகம் புதைத்து விம்மினாள்” என்று எழுதியிருக்கு, அந்தத் தோணியில் வந்த சின்னப் பெண்பிள்ளை தான் ஒருத்திதான், ஆனால் தான் இவருடைய மார்பில் முகம் புதைக்கவில்லை, கரையைப் பார்த்துக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். ஏன் என்று றஸீனா பிள்ளை கேட்டா. கரையில தர்சினி அக்கா நிண்டவ என்றாள். பிறகு நிறுத்தாமல் சொன்னாள். அக்கா முதல்ல தோணிக்குள்ளதான் இருந்தவ, என்ன மடியில வச்சிருந்தவ. மனேஜர் ஐயா ஓடிவந்து ஏறினதும் தோணி சரிஞ்சி தண்ணி உள்ளுக்கு வந்திட்டு. வேலப்போடி மாமா பெரிய ஆள் ஒராள் இறங்கணும் எண்டு சொன்னாரு. இவரு இறங்கல்ல. மாமா மறுகாவும் சொன்னாரு, இவரு பலகையப் பிடிச்சிக்கொண்டு குனிஞ்சி இருந்தாரு. அக்கா என்னத் தூக்கி இவர்ர பக்கத்தில வச்சிப்போட்டு இறங்கினா. நான் நிக்கிறன் அப்பா, நீங்க கெதியா விட்டுட்டு வாங்க எண்டு சொன்னா.

இவர் தோணியில் வந்தார் என்பதுதான் எனக்குத் தெரியும். என்னுடைய பிள்ளை ஏறி இருந்து இறங்கினாள் என்பது தெரியாது. அந்தப் பிள்ளை இதைத் தன் தாய்க்கும் சொல்லவில்லையாம், இவ்வளவு காலமும் மடியில் இருந்த சூட்டோடு தன்னிடமே வைத்திருந்திருக்கிறாள். சோதனை எழுதி முடித்த சந்தோஷத்தில், நான் திரும்பி வந்ததும் டவுனுக்குப் போய்ச் சட்டைத்துணி எடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. அப்பா மேலேயும் எனக்குக் கோபம் வந்தது, சொல்லக்கூடாது, ஆனாலும் உனக்குச் சொல்கிறேன். அந்த மனேஜரின் சேர்ட்டைப் பிடித்துத் தண்ணிக்குள் தள்ளிவிட்டிருக்கலாம் தானே. கம்பால் ஒரு போடு போட்டிருக்கலாம் தானே. உன்னுடைய அப்பாவுக்கு அது வராது. சொல்லிப் பார்த்தார், சொந்தப் பிள்ளை இறங்கினாள், மற்றவர்களின் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார், திரும்பிப் போனார். அவருக்கு வராதது எல்லாம் சேர்த்து எனக்கு வருகிறது.

மனேஜர் எழும்பி வெளியே போனார். தேத்தண்ணியும் குடிக்கவில்லை. நான் போட்ட மாலையைக் கழற்ற மறந்து கழுத்தில் போட்டபடியே ரோட்டால் நடந்து போனார், கடைக்காரரெல்லாம் என்ன விசேஷம் என்று கேட்டார்களாம். றஸீனா பிள்ளை யசோதினியை இழுத்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டா, மற்றக் கையால் என்னுடைய கையைப் பிடித்தா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் முற்றம் கூட்டிக்கொண்டு நிற்கிறேன், அவர் வந்து படலை வாசலில் நிற்கிறார். உள்ளே வரச் சொல்லவில்லை. ரெண்டாம் பதிப்பில் அந்த ஓடின தோணிக்காரர் வரியை எடுத்துவிடுகிறாராம், “வேலப்போடி என்பவரின் உதவியோடு” என்று சேர்க்கிறாராம், அதோடு இதை விடச் சொன்னார். உதவியோடு. என்னுடைய புருசன் இவருக்கு உதவிக்கு நின்றவராம். நான் விளக்குமாறைக் கீழே வைக்காமலே சொன்னேன், என்ட புருசன்ட பேர நீங்க எழுதத் தேவையில்ல மனேஜர், உங்கட கையால அந்தப் பேர் வரவே வேணாம், ஒரு வசனம் மட்டும் எழுதுங்க, நான் இறங்கல்ல எண்டு எழுதுங்க, மத்தப் பக்கமெல்லாம் வெறுமையா இருந்தாலும் சரி. அவருக்குக் கண் கலங்கினது. அப்பிடி எழுதினா என்ட மகன் ரொறன்ரோவில எப்பிடிப் புள்ள தல நிமிந்து நடப்பான் என்றார். என்ட மகனும் அங்கதான் நடக்கிறான் என்று சொல்லிப்போட்டு நான் கூட்டின இடத்தையே மறுபடியும் கூட்டினேன். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இல்லை. இருக்கும் என்று நினைத்தேன், தேடிப் பார்த்தேன், இல்லை.

இனி உன்னுடைய விஷயத்துக்கு வாறன். நீ போ. வராமல் சாட்டுச் சொல்லாதே. மருமகளையும் சின்னவளையும் கூட்டிக்கொண்டு நேரத்துக்குப் போ, முன்வரிசையில் இரு. அவருடைய மகனோடு முகம் சுளிக்காதே, அவன் தோணியில் இல்லை, தகப்பன் எழுதினதை நம்பி மண்டபம் எடுத்திருக்கிற பெடியன், அவனுக்கு முதல் நாளே போன் எடுத்து நான் உண்மையைத்தான் பேசப்போறன், கூப்பிடுறதென்றால் கூப்பிடு என்று சொல்லு. இந்தக் கடிதத்தையும் வாசித்துக் காட்டு. கூப்பிட்டால் மேடையில் நீட்டி முழக்காதே, நீ கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டாய், அது என்னிடம் இருந்து வந்த பழக்கம். குரலை உயர்த்தாதே, அழாதே, அழுதால் சனம் உன்னைப் பார்த்துப் பாவப்படும், சொன்னதை விட்டுவிடும். கம்பு ஊன்றினவர் என் அப்பா வேலப்போடி. இறங்கினவள் என் தங்கச்சி தர்சினி. இவர் இறங்கவில்லை. இவ்வளவையும் சொல்லிப்போட்டு வந்து உன் கதிரையில் இரு. கூப்பிடாமல் விட்டால், கேள்வி கேட்கிற நேரம் எழும்பிச் சொல்லு. கூட்டம் முடியும்வரைக்கும் எழும்பிப் போகாதே, போகவேண்டியது நீ இல்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியில் போ. சின்னவளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடு, அவளும் ஒரு நாளைக்கு வாசித்து அபிப்பிராயம் சொல்லவேண்டும். நீங்கள் மூன்று பேரும் நோயில்லாமல், கண்ணேறு படாமல், நீண்ட காலம் சேர்ந்து இருக்கவேண்டும் என்று அம்மா ஆசீர்வதிக்கிறேன். பேசி முடித்த கையோடு எனக்குப் போன் எடு, இங்கே என்ன நேரமென்றாலும் எடு, நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
வேலப்போடியின் பெண்சாதியும்
தர்சினியின் தாயுமான
உன் அம்மா
தெய்வமணி