அக்கா, இப்போது கதவைச் சாத்துவதில்லை

என் மல்லிகா அக்காவுக்கு,

நீ போன பிறகு மனசுக்குள் உன்னோடு பேசாத நாளே இல்லை. ஆனால் எழுதுவது இதுதான் முதல் தடவை. பேசிப் பேசிப் பார்த்தேன், பாதியிலேயே எழுந்து வேலை பார்க்கப் போய்விடுகிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். என் கோழிக் கிறுக்கலைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். பரவாயில்லை, சிரித்துக்கொள்.

முதலில் வீட்டுச் சேதி. கட்கி வீட்டைக் காலி செய்துவிட்டோம். இடித்துக் கட்டப்போகிறேன், இடித்துக் கட்டப்போகிறேன் என்று நீ இருந்தபோதே வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தாரே, கடைசியில் நிஜமாகவே இடித்துவிட்டார். இப்போது சிஞ்ச்வட்டில் ஒரு சொசைட்டிக் குடியிருப்பில் எட்டாவது மாடி. சாகண் ஃபேக்டரிக்குப் போகும் கம்பெனி பஸ் வாசலிலேயே நிற்பதால் இவருக்கு, அதுதான் உன் மாப்பிள்ளைக்கு, ஓட்டம் இல்லை. நம் பெண் மீனுவுக்குக் காலேஜ் பக்கம். எல்லாருக்கும் சௌகரியம்தான், எனக்கு மட்டும் டாக்டர் தூரமாகிவிட்டார்.

முதலில் சில மாதம் லோக்கல் டிரெயின் பிடித்து நம் கட்கி டாக்டரிடமே போய்வந்தேன். அவருக்கும் வயதாகிவிட்டது, மாத்திரைச் சீட்டை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு எழுதுகிறார். ஒரு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "பிளாட்பாரத்துல நிக்கும்போது வலிப்பு வந்தா யாரு பிடிப்பாங்க? இப்ப மல்லிகா தாயியும் இல்ல. வீட்டுப் பக்கமா ஒரு டாக்டரைப் பாத்துக்கோ" என்று இந்தியில் சொன்னார். உன்னை அவர் கடைசிவரை தாயி என்றுதான் சொன்னார். மராத்தியில் தாயி என்றால் அக்காதானே, அவருக்கு நீ அக்கா முறையாகவே ஆகிவிட்டிருந்தாய். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, நீ என்னை எப்போதும் உட்கார வைக்கும் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சிஞ்ச்வட்டில் இவர் விசாரித்து ஒரு நரம்பு டாக்டரைக் கண்டுபிடித்தார். ரிசப்ஷனில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "நியூ பேஷண்டா?" என்றாள். பள்ளிக்கூடப் பாவாடை கட்டிய காலத்திலிருந்து வலிப்புக்கு மாத்திரை முழுங்குகிறவள் நான். என்னைப் பார்த்து இந்தக் கேள்வி! புதுசுதான் என்று சொல்லி உட்கார்ந்தேன்.

டாக்டர் சின்னப் பெண், மராத்திக்காரி. நல்ல பெண் அக்கா, அவசரப்படுத்தவில்லை. வரும்போது என்ன ஆகும் என்று கேட்டாள். எங்கிருந்தோ ஒரு தீய்ந்த நாற்றம் வரும், அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறும் என்றேன்.

"அப்புறம்?"

"அப்புறம் படுக்கையில கிடப்பேன். பக்கத்துல அக்கா உக்காந்திருக்கும்."

"நடுவுல?"

"நடுவுல நான் இல்லீங்க டாக்டர்."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். தலை எந்தப் பக்கம் திரும்பும், எந்தக் கை முதலில் இழுக்கும், கண் திறந்திருக்குமா, எதையாவது மெல்லுவேனா? என் உடம்பைப் பற்றித்தான் கேட்கிறாள், எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. சரி, நீங்கள் சொல்லுங்கள் என்று இவர் பக்கம் திரும்பினாள். உன் மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "நான் பாத்ததில்லீங்க" என்றார்.

"கல்யாணமாகி எவ்வளவு வருஷம் ஆச்சு?"

"அது ஆச்சு, பொண்ணு காலேஜ் போவுது."

அந்த டாக்டர் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பெண்டாட்டி விழுந்து கிடந்தாலும் திரும்பிப் பார்க்காத மனுஷன் என்று நினைத்திருப்பாள். அப்படி இல்லை டாக்டர், இவர் நல்லவர், எங்க அக்காதான் பார்க்கவிடவில்லை என்று சொன்னேன். அதை எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னபோது இன்னும் மோசமாகத்தான் கேட்டது.

நீ பெண் பார்க்க வந்தவர்களிடம் எதையும் மறைக்கவில்லை. காபி டம்ளரைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாய். "எங்க பொண்ணுக்கு ஃபிட்ஸ் வரும். மாத்திர சாப்புடுது. இஷ்டம் இருந்தா கட்டிக்கோங்க, இல்லாட்டி காபி குடிச்சிட்டுக் கிளம்புங்க." இவர் காபியையும் குடித்தார், என்னையும் கட்டிக்கொண்டார். அதற்கு நீ போட்ட ஒரே நிபந்தனை, அது வரும் நேரத்தில் அவர் அறையில் இருக்கக் கூடாது என்பதுதான். "நான் பாத்துக்கறேன் மாப்ள. நீங்க பாக்க வேணாம். பாத்தா மனசுல நின்னுடும். அப்புறம் இது மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் அதுதான் ஞாபகம் வரும்."

சொன்னபடியே நீயும் எங்களோடு வந்துவிட்டாய். உன் வீட்டுக்காரர் மாமா போன பிறகு உனக்கும் வேறு போக்கிடம் இல்லை. சீர்வரிசைப் பாத்திரத்தோடு அக்காவையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள் என்று இவர் கேலி செய்வார், நீயும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவாய். ஆனால் எனக்கு அந்த நாற்றம் வந்தால் போதும், கேலியெல்லாம் நின்றுவிடும். நீ என்னைப் படுக்க வைப்பாய், அவர் சாவிக்கொத்தை நீட்டிவிட்டு வெளியே போவார், கதவு சாத்திக்கொள்ளும். நம் வீட்டில் அதற்குப் பேர்கூட கிடையாது. 'அது வந்துச்சு', 'அது போச்சு', அவ்வளவுதான்.

கண் விழித்தால் நீ பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருப்பாய். உன் வலது மணிக்கட்டில் எப்போதும் ஏதாவது ஒரு கீறல் இருக்கும். என்னக்கா இது என்றால், "கோதுமை சலிக்கச் சொல்ல சல்லடை கிழிச்சிடுச்சு" என்பாய். இன்னொரு தடவை பஸ் கம்பி, இன்னொரு தடவை கீழ் வீட்டுப் பூனை. நானும் அந்தப் பூனையைக் கண்டபோதெல்லாம் விரட்டினேன்.

டாக்டரிடம் போனாலும் அதே கதைதான். "நீ போயி வெளில உக்காருடி" என்று என்னை அனுப்பிவிட்டு நீ மட்டும் உள்ளே அரை மணி நேரம் பேசுவாய். அரைக் கதவுக்கு மேலே டாக்டர் தலையாட்டுவது மட்டும் தெரியும். என்னக்கா சொன்னாய் என்றால், "இன்னா சொல்லப் போறேன், கொஞ்சம் மயக்கம் மாதிரின்னேன்" என்று சொல்லி வடாபாவ் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்துவிடுவாய். அந்தக் கதவுக்குப் பின்னால் நீ என்னதான் சொன்னாய் அக்கா? பழைய சீட்டுகளில் மாத்திரைப் பேர்தான் இருக்கிறது, உன் பேச்சில் ஒரு வார்த்தைகூட இல்லை.

புது டாக்டர் என்ன சொன்னாள் தெரியுமா? இத்தனை வருஷமாக மாத்திரை சாப்பிட்டும் வந்துகொண்டே இருக்கிறது என்றால் மாத்திரையை மாற்றத்தான் வேண்டும். எதற்கு மாற்றுவது என்றால், அது மூளையில் எந்தப் பக்கம் தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். தலை முழுக்க ஒயர் ஒட்டி ஒரு சோதனை எடுத்தார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். என் மூளை அன்றைக்கென்று சமர்த்தாக இருந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்த தடவை வரும்போது ஃபோனில் வீடியோ எடுத்து வாருங்கள், கதவை மட்டும் சாத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள். சாவிக்கொத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை, ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும் என்றும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்குப் பாத்ரூம் தாழ்ப்பாள் போட அனுமதி இல்லை, தனியாக அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, பால்கனி பக்கம் போகவே கூடாது. மீனுவும் இவரும் முறைபோட்டு என்னைக் காக்கிறார்கள். கீழே கொத்தமல்லி வாங்கப் போனால்கூட லிஃப்டில் ஒருவர் துணைக்கு வருகிறார். கோபித்துக்கொள்ளலாம், ஆனால் அவர்கள் செய்வது சரி என்று எனக்கே தெரிகிறது. அதுதான் தாங்க முடியவில்லை அக்கா. நீ இருந்தவரை நான் நோயாளி என்று எனக்குத் தெரியவே இல்லை.

இந்தக் கூத்தையும் கேள். வாழ்நாள் முழுக்க அது வரக்கூடாது, வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டவள், இப்போது எப்போது வரும் என்று காத்திருந்தேன். கல்யாண வீட்டு போட்டோக்காரர்கள் மாதிரி ஆளுக்கொரு ஃபோனை சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீனு வெளியே போயிருந்தாள், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "வருதுங்க" என்று நான் கத்தியது வரை ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது அறையில் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. என் பக்கத்தில் சாவிக்கொத்து கிடந்தது.

எழுந்து கதவைத் திறந்தேன். உன் மாப்பிள்ளை வெளியே சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். கையில் ஃபோன் அப்படியே இருந்தது. "கை தானா சாத்திடுச்சு கலா. உள்ள வரணும்னுதான் நெனச்சேன். கால் வரல" என்று சொல்லி அழுதார். அந்த மனுஷனை நான் என்ன சொல்ல? இத்தனை வருஷம் உனக்குக் கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை, உனக்கு அது தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் நீ போன பிறகு அது வந்ததே அன்றைக்குத்தான், கண் விழிக்கும்போது பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் இருந்ததும் அன்றைக்குத்தான் முதல் தடவை. நீ இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் முழுசாக உறைத்தது.

மறுபடி வந்தபோது மீனு வீட்டில் இருந்தாள். இவர் பழக்க தோஷத்தில் மறுபடியும் கதவுப் பக்கம் போனாராம். "அப்பா, ஹட்டோ!" என்று அவரைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து, என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒரு கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். நான் விழித்தபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள். "அம்மா, நான் இருக்கேன் நா. பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல" என்றாள். நீ தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க முயன்று தோற்றுப் போன பெண்தான் அவள். அந்த நாலு வார்த்தையை, வாய்ப்பழக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் இந்தி 'நா'வைத் தவிர, ஒரு தப்பும் இல்லாமல் சொன்னாள்.

டாக்டர் வீடியோவைப் பார்ப்பதற்கு முன்னால் என்னிடம், "நீங்க வெளிய இருக்கீங்களா?" என்று கேட்டாள். உன் குரல் மாதிரியே இருந்தது. இல்லை, நானும் பார்க்கிறேன் என்றேன். இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

என் முகத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை அக்கா. நீ ஏன் கதவைச் சாத்தினாய் என்று புரிந்தது, அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் முகம் கோணுவதற்கு முன்னால், உடம்பு விறைப்பதற்கு முன்னால், என் இடது கை மட்டும் எழுந்தது. போர்வை மேலே தடவித் தடவி எதையோ தேடியது. மீனுவின் மணிக்கட்டு கிடைத்ததும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

டாக்டர் அங்கேயே படத்தை நிறுத்தினாள். "இதோ, இங்கதான் ஆரம்பம். இடது கை. மூளையில வலது பக்கம். உங்க அக்கா இதைச் சொன்னதே இல்லையா?"

 மீனுவைத் திரும்பிப் பார்த்தேன். சட்டைக் கையை விரல் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். நான் பிடித்து விலக்கிப் பார்த்தேன். மணிக்கட்டில் சிவப்பாக நாலு நகக் கீறல். "சொசைட்டி கேட்ல இடிச்சிட்டேன் நா" என்றாள்.

சல்லடை, பஸ் கம்பி, பூனை! அடிப்பாவி அக்கா!

நீ டாக்டரிடம் அதை ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இப்போது தெரிகிறது. உனக்கு அது நோய் என்றே தோன்றியிருக்காது. தங்கச்சி பயந்துபோய் அக்கா கையைத் தேடுகிறாள் என்று நினைத்திருப்பாய். அதைப் போய் யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? அது தானாக நடப்பது, உங்களுக்குத் தெரிந்து செய்வதில்லை, யார் கை கிடைத்தாலும் பிடிக்கும், ஒன்றும் கிடைக்காவிட்டால் போர்வையைப் பிடிக்கும் என்று டாக்டர் சொல்கிறாள். படித்தவள், அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும். ஆனால் அந்தக் கதவு சாத்தியிருந்த ஞாயிற்றுக்கிழமை, போர்வைதான் கிடைத்ததா எனக்கு? அப்போது என் கை எவ்வளவு நேரம் தேடியிருக்கும்?

புது மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். பழையதை ஒரேயடியாக நிறுத்தக் கூடாதாம், மெல்ல மெல்லக் குறைப்பார்களாம். பகலெல்லாம் தூக்கம் தூக்கமாக வருகிறது. கட்டுப்படுமா என்று கேட்டேன், பார்ப்போம் என்றாள். இவரும் தினமும் அதையே கேட்கிறார், நானும் பார்ப்போம் என்கிறேன். வேறு என்ன சொல்ல?

உன்னிடம் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் நம் வீட்டில் அந்தக் கதவைச் சாத்த மாட்டோம். உன் மாப்பிள்ளை வீடியோவில் பார்த்துவிட்டார், பார்த்த பிறகும் என்னிடம் முன்போலவே காபி கேட்கிறார், நீ பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. அப்புறம், உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டேன். இடது கையில் சதையோடு ஒட்ட வெட்டினேன், வாரா வாரம் வெட்டுவேன். என் கை உன்னைத் தேடினால் தேடிவிட்டுப் போகட்டும். யாருக்கும் கீறல் படாது.

உன் மணிக்கட்டைப் பிடித்திருந்த
உன் தங்கச்சி,
கலா