நடுச்சுவரில் ஒரு சதுரம்

மார்ச் 2, ஞாயிறு

என் வீட்டுக்காரர் இன்று டிவியைச் சுவரில் மாட்டக் கிளம்பினார். டிவி உடையவில்லை. சுவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

"ஆள் கூப்பிடலாம்ங்க" என்றேன். "ஒரு ஸ்க்ரூ போட ஆளா?" என்றார். ஹாலுக்கும் மாமனார் அறைக்கும் நடுவில் இருப்பது செங்கல் இல்லை, ஜிப்சம் பலகை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் வெறும் காற்று. டிரில் உள்ளே போனது, அதைப் பிடித்திருந்த கையும் போனது, இரண்டு பலகையும் பெயர்ந்தன. அந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமா இவரைப் பார்த்தார். இவர் மாமாவைப் பார்த்தார். இருவரும் வாயே திறக்கவில்லை.

திறக்க மாட்டார்கள். கண்ணில் புரையோடு ஸ்கூட்டர் ஓட்டிப்போய் மாமா ஒரு தள்ளுவண்டியை இடித்தார், இவர் சாவியை ஒளித்து வைத்தார். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு பேருக்கும் நடுவில் தபால் இலாகா நான்தான்.

மாமா என்னைக் கூப்பிட்டார். "டிவி நல்லா நிக்குதான்னு கேளும்மா." நக்கல்.

மார்ச் 4

ஆள் தேடி அலைந்தேன். முதலில் வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்து, "மொத்தமா இடிச்சிட்டுப் புதுசா போடணும்" என்றார். ஓட்டையைவிட அவர் வாய் பெரியது. அனுப்பிவிட்டேன்.

அடுத்தவர் கீழ்வீட்டு அக்கா சொன்ன ஆள். பேசவே இல்லை. கத்தியை எடுத்து, கோணல்மாணலாக இருந்த ஓட்டையை இரண்டு பக்கமும் அழகான சதுரமாக வெட்டினார். முன்பு தட்டு அளவு, இப்போது ஜன்னல் அளவு. "பலகை எடுத்துட்டு நாளைக்கு வந்துடறேன்க்கா."

மார்ச் 5

நாளைக்காம்.

மார்ச் 6

நாளைக்காம். இனி அவர் பெயர் நாளைக்காரர்.

கீழ்வீட்டு அக்காவிடம் புலம்பினேன். சிரிக்கிறார்! "இவங்க எல்லாருமே அப்படித்தான். முதல் நாளே வெட்டி வெச்சிடுவாங்க. ஒருத்தர் வெட்டினதுல இன்னொருத்தர் கை வைக்க மாட்டாங்க." அதாவது, என் சுவரில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு மனுஷன் ஊரெல்லாம் சுற்றுகிறார்.

மார்ச் 8

தங்கை அழைத்தாள். பிரசவத்தை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வெள்ளிக்கிழமை நான் கிளம்பியாக வேண்டும். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

சரி, இங்கே? மாமாவுக்குப் போன வாரம்தான் கண் ஆபரேஷன் ஆனது. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து போடணும், இதுவரைக்கும் நான்தான் போடறேன். தப்பினா கண்ணுக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இவரிடம் சொன்னேன். "அவர் கேக்கட்டும், போடறேன்." மாமாவிடம் சொன்னேன். "நானே போட்டுக்கறேன்." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இன்னொரு சுவரை நானே உடைத்திருப்பேன். ஒரு கண்ணைவிட ரெண்டு பேருக்கும் வீம்புதான் பெரிசா? நான் போனா யார் பார்ப்பா?

மார்ச் 10

மாமா தானே போட்டுப் பழகுகிறார். ஒரு சொட்டு கன்னத்தில், ஒரு சொட்டு காதில். இவர் ஹாலில் உட்கார்ந்து சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பர் படிக்கிறாராம்! தலைகீழாகப் பிடித்திருந்தார்.

மார்ச் 11

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

காலையில் மாமா குப்பியைத் தூக்கிப் பிடித்தார். ஹாலிலிருந்து குரல்: "தலைய இன்னும் சாய்க்கணும்."

"யாரும்மா பேசறது?" என்று மாமா என்னைக் கேட்டார்.

"செவுரு" என்றார் இவர்.

"செவுத்துக்கு இப்பத்தான் வாய் முளைச்சுதா?"

நான் அடுப்பங்கரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பால் பொங்கி வழிந்தது. வழியட்டும்.

மார்ச் 12

முன்னேற்றம். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு, சதுரத்தில் முகத்தைக் காட்டி உட்கார்ந்தார். இவர் ஹாலிலிருந்து கையை உள்ளே விட்டுச் சொட்டினார். மூக்கில் விழுந்தது. மறுபடியும் மூக்கு.

"ஏன்டா, வீட்டுல கதவுன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமில்ல?"

டா! இவர் கையை உருவிக்கொண்டார். பிறகு சுற்றிக்கொண்டு கதவு வழியாகப் போனார். நான் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதுதான் காரணம்.

மார்ச் 13

காலையிலிருந்து ஸ்கூட்டர் சாவிக்காகச் சண்டை. இவர் ஹாலில், அவர் கட்டிலில், சதுரம் வழியாகக் கத்துகிறார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. தபால் இலாகாவை மூடிவிட்டார்கள். நிம்மதியாகப் பெட்டியில் துணி அடுக்கினேன்.

மார்ச் 14, வெள்ளி

கிளம்பும் நேரத்தில் வாசலில் நாளைக்காரர்! தோளில் பலகை, கையில் சுவர் பூசுகிற பட்டி வாளி. "இன்னைக்கு முடிச்சிடலாம்க்கா, மத்தியானத்துக்குள்ள அடைச்சிடுவேன்."

உள்ளே இவர் குரல்: "அப்பா, ஆடாதீங்க! ஆடினா எப்படி விழும்?" மாமா குரல்: "நீ நடுங்காம போடுடா முதல்ல!"

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

"நாளைக்கு வாங்க" என்றேன்.