ரெக்சின் சீட்டும் அப்பாவின் கால்மண்ணும்

போன ஞாயிற்றுக்கிழமை ஜெனி தன் புதுக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறுங்கம்மா, பூசைக்கு இதுலயே போவோம்" என்றாள். கதவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் வந்து அடித்தது. புது பிளாஸ்டிக்கும், அதன்மேல் பூசிய பாலிஷும், எதற்காகவோ சேர்த்திருந்த எலுமிச்சை வாசமும். விற்றவர்கள் டேஷ்போர்டிலிருந்து கதவுக் கைப்பிடி வரை அள்ளிப் பூசியிருந்தார்கள். வெயில் பட்டதும் அந்தப் பளபளப்பு முன்கண்ணாடியில் விழுந்து, எதிரே வரும் பஸ்ஸே மங்கலாகத் தெரிந்தது.

"இதை முதல்ல துடைச்சு எடுத்துரு ஜெனி. எண்ணெய்ப் பாலிஷ் இது. கண்ணாடியில நிழல் விழும், தூசியும் வந்து ஒட்டும். பளபளப்பு வேற, சுத்தம் வேற" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "அப்பாவே வந்து பேசுற மாதிரி இருக்கும்மா" என்றாள். சொன்ன கையோடு அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

எனக்கு நிறையவில்லை. பூசை முழுக்க என் வாய் எனக்குச் சொந்தமில்லாததுபோல் இருந்தது. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு இது இரண்டாவது தவக்காலம். இனி உங்களுக்கு எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரியும். இருந்தாலும், கூட வாழ்ந்தபோது பேசாததை இப்போதாவது பேசிவிடுகிறேன்.

கார் வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? அதுவரை மருந்துக் கம்பெனிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டாக்டர்கள் கூப்பிடும்வரை வராந்தாக்களில் நின்றீர்கள். பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் மோட்டார் சைக்கிளிலேயே போய்வந்து உங்கள் கை முழங்கைவரை ஒரு நிறம், அதற்கு மேல் ஒரு நிறமாக இருந்தது. அன்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பாமலே சொன்னீர்கள்: "தொப்பம்பட்டியில எங்க வீட்டுல எல்லாமே அடுத்தவங்க போட்டுக் கழிச்சதுதான் மேரி. சட்டை, செருப்பு, புஸ்தகம், எல்லாம். இது ஒண்ணுதான் நான் பிரிச்ச புதுசு." அப்போது உங்கள்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாமியார் வந்து வண்டியை மந்திரித்தார். அவர் தெளித்த தீர்த்தம் டேஷ்போர்டில் நாலைந்து துளி விழுந்தது. அவர் முதுகைத் திருப்பியதும் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தீர்கள். "கறை விழுந்துரும்" என்று என் காதில் சொன்னீர்கள். நான் சிரித்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்தால் கார்தான். வண்டியை நிழலுக்குத் தள்ளி, நாலு கதவையும் திறந்துவைத்து, சூடு ஆறட்டும் என்று காத்திருப்பீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் குழந்தைகளுக்குப் போடும் ஷாம்புவைச் சில துளி விடுவீர்கள். துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, அதற்குப் பிறகுதான் டேஷ்போர்டைத் தொடுவீர்கள். பழைய ஷேவிங் பிரஷ்ஷால் ஏ.சி. காற்று வரும் இடுக்குகள். இன்னொரு பிரஷ் ரெக்சின் சீட்டின் தையலுக்கு மட்டும். காய்ந்த துணியால் ஈரத்தை எடுத்து, வெயிலில் வெடிக்காமல் இருக்க ஒரு திரவத்தைத் துணியில் தொட்டு மெலிசாகப் பூசி, அது ஊறியதும் மிச்சத்தைத் துடைப்பீர்கள். தெருவில் யாராவது ஸ்பிரிட்டோ டெட்டாலோ போட்டு சீட்டைத் துடைத்தால் போய் நிறுத்துவீர்கள். "தோல் மாதிரிங்க அது. காஞ்சா வெடிச்சிரும்."

ரெக்சின் காய்ந்துபோவதை அப்படி உணர்ந்த மனிதர் நீங்கள்.

அந்த முதல் மாதத்தில்தான் என் அப்பா அகரத்திலிருந்து வந்தார். வழக்கம்போல சாக்கில் கத்தரிக்காயும் அவரைக்காயும். "வெஞ்சனத்துக்கு ஆகும் தாயி" என்று அடுப்படியில் இறக்கினார். சம்பங்கிப் பூவை மார்க்கெட்டில் போட்டுவிட்டு நேராக வந்ததால் காலில் தோட்டத்து மண் காய்ந்து வெள்ளையாக இருந்தது. திரும்பும்போது, நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். நான் கேட்கவில்லை. அப்பா முகத்தில் எவ்வளவு சந்தோஷம்! மாப்பிள்ளை காரில் ஊருக்குள் போய் இறங்கப்போகிறார்.

ஏறக் காலைத் தூக்கினார். "ஏனுங்க மாமா, ஒரு நிமிசம் இருங்க. பேப்பர் விரிச்சுடறனுங்க" என்றீர்கள்.

உங்கள் ஊர்ப் பேச்சில் எத்தனை 'ங்க'! ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. உள்ளே போய் செய்தித்தாள் கட்டை எடுத்துவந்து, பின்சீட்டில் ஒரு பக்கமும், சாய்கிற இடத்தில் ஒரு பக்கமும், கால் வைக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் விரித்தீர்கள். அப்பா தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கு மாப்ளே இம்புட்டுச் சிரமம்? நான் பஸ்ஸுலயே போறேன்."

"அட ஏறுங்க மாமா. நம்ம வண்டிதானுங்க."

ஏறினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அகரம் போய்ச் சேரும்வரை அப்பா பாதத்தைத் தரையில் பதிக்கவே இல்லை. நுனிக்காலில் ஊன்றி, முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு இருந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் அவருக்குக் கீழே காகிதம் சரசரத்தது. கண்ணாடியில் பார்த்து, "ஏ.சி. பத்துதுங்களா மாமா?" என்று கேட்டீர்கள். "ஜம்முனு இருக்கு மாப்ளே" என்றார். இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தபோது, அவருடைய வெள்ளை வேட்டியின் பின்பக்கம் ஏதோ விளம்பரத்தின் மை அப்படியே ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை காரில் வந்து இறங்கியதைப் பார்க்கத் தெருவில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து உங்களிடம் கேட்டேன். "அப்பாவுக்கு எதுக்குப் பேப்பரு?"

"தோட்டத்து மண்ணு தையல்ல இறங்கினா போகாது மேரி. மாமா தப்பா நினைக்கமாட்டாரு."

அவர் தப்பாக நினைக்கவில்லை. சரியென்றே நினைத்துவிட்டார். அடுத்த முறையிலிருந்து காரில் ஏறவேண்டி வந்தால் நம் வீட்டுக் குழாயடியில் காலைக் கழுவி, துண்டால் துடைத்து, அதே துண்டை சீட்டில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். நீங்கள் பேப்பர் எடுக்கப் போகிற வேலை மிச்சம். "மாமா வெவரமானவரு" என்று ஒருமுறை என்னிடம் மெச்சினீர்கள்.

ஜெனி திருச்சியில் காலேஜில் படித்துக்கொண்டிருந்த வருடம் அது. நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடம் லீவு என்பதால் வீட்டில் இருந்தேன். நீங்களும் சாப்பிட வந்திருந்தீர்கள். அகரத்தில் பக்கத்துத் தோட்டத்து அக்கா போன் செய்தார். "மேரி, ஒங்கப்பாவுக்கு நெஞ்ச அடைக்குதுங்கிறாரு. வேர்த்துக் கொட்டுது. வெரசா வாங்க." நீங்கள் கை கழுவக்கூட இல்லை. சோற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தீர்கள். தாடிக்கொம்பு ரோட்டில் அவ்வளவு வேகமாக நீங்கள் ஓட்டி நான் பார்த்ததில்லை. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை.

அப்பா வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு காலிலும் முழங்கால்வரை சேறு. நீங்கள் பின்கதவை அகலத் திறந்துபோட்டுவிட்டு ஓடினீர்கள். பேப்பரைப் பற்றி உங்களுக்கு அன்று நினைப்பே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"மாமா, ஏறுங்க, வாங்க!"

அப்பா எழுந்தார். திறந்திருந்த கதவைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"செத்த இருங்க மாப்ளே. கால் கழுவிட்டு வாரேன்."

"ஐயோ, வேணாங்க மாமா! அப்படியே வாங்க!" என்று கத்தினீர்கள். நானும் கத்தினேன். அவர் கையைக் காட்டி நம்மை நிறுத்திவிட்டு, மோட்டார் ரூம் தொட்டியைப் பார்த்து வேகமாக நடந்தார். நாம் ஓடிப் பிடிப்பதற்குள் குனிந்து ஒரு காலில் தண்ணீரை வாரி ஊற்றிவிட்டார். மற்றொரு காலுக்குக் கை போகும்போதே தொட்டியோரம் சரிந்தார்.

நீங்கள்தான் தூக்கினீர்கள். உங்கள் வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு. பின்சீட்டில் என் மடியில் தலையை வைத்துப் படுக்கவைத்தோம். தாடிக்கொம்பு தாண்டும்போது அவர் கை என் கையை விட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் அதை உறுதி மட்டும்தான் செய்தார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரின் ஒரு கால் சுத்தமாக இருந்தது. மற்றது மண்ணோடு இருந்தது.

இதற்காக உங்களைக் கொலைகாரன் என்று சொல்லமாட்டேன். நேராக வந்து ஏறியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அடக்கம் முடிந்த மறுநாள் காலை ஒன்று நடந்தது. துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு அகரம் வீட்டின் கொல்லைப்புறம் வந்தேன். புளியமரத்து நிழலில் வண்டியின் நாலு கதவும் திறந்திருந்தன. கால்மிதி அலசி வேலியில் காய்ந்துகொண்டிருந்தது. நீங்கள் பின்சீட்டில் குனிந்து, அந்தச் சின்ன பிரஷ்ஷால் தையலைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

எனக்கு உங்கள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அழுதுகொண்டு தேய்த்தீர்களா, சும்மா தேய்த்தீர்களா என்று கிட்டே வந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை. அப்படியே உள்ளே திரும்பிவிட்டேன். அந்த மண் இன்னும் ஒருநாள் அங்கே இருந்திருக்கலாம். அதை நான் துடைத்திருப்பேன். இல்லை, துடைக்காமலே விட்டிருப்பேன். அதை முடிவு செய்கிற உரிமை எனக்கல்லவா இருந்தது?

அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. ஞாயிறுகள் அதே மாதிரி வந்தன. நீங்கள் அதே மாதிரி துடைத்தீர்கள். நான் அடுப்படி ஜன்னலைச் சாத்திவைத்துக்கொள்ளப் பழகினேன்.

பிறகு உங்கள் வயிற்றில் கட்டி என்றார்கள். மருந்து ஏற்ற மதுரைக்குப் போய்வருவோம், ஜெனி ஓட்டுவாள். ஒருநாள் கொடைரோடு தாண்டியதும் உங்களுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வண்டியை ஓரம் கட்டுவதற்குள் வந்துவிட்டது. நீங்கள் சட்டையை முன்னால் தூக்கிப் பிடித்து, அதில் ஏந்தினீர்கள். சீட்டில் படக்கூடாதென்று அந்த நிலையிலும் உடம்பைச் சுருக்கிக்கொண்டு இருந்தீர்கள். எலும்பும் தோலுமாக, நுனியில் உட்கார்ந்துகொண்டு. எனக்கு யார் ஞாபகம் வந்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

"விடுங்க. வண்டிதானே" என்றேன்.

"கதவுல பட்டிருச்சு மேரி" என்றீர்கள்.

வீட்டுக்கு வந்து நான்தான் சுத்தம் செய்தேன். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்லிக்கொடுத்தீர்கள். "சோடா உப்பைத் தூவி வையி. அழுத்தித் தேய்க்காத. தண்ணியை நேரா ஊத்தாத, உள்ள பஞ்சு ஊறிப்போயிரும்." சொன்னபடி எல்லாம் செய்தேன். தையலில் பிரஷ்ஷை வைத்தபோது நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "மாமா..." என்றீர்கள்.

என் கை நின்றுவிட்டது. திரும்பினேன். "என்னங்க?"

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உதடு அசைந்தது. பிறகு தலையை ஆட்டினீர்கள். "ஒண்ணுமில்ல. கதவுக் கைப்பிடிக்குப் பின்னால பாரு. அங்க இருக்கும்."

அங்கே இருந்தது. துடைத்தேன். மறு மாதம் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் காரை இந்தப் பொங்கலுக்குப் பிறகு விற்றுவிட்டேன். ரெட்டியார்சத்திரம் பக்கம் பூ விவசாயம் செய்கிற புருஷன் பெண்டாட்டி வந்து பார்த்தார்கள். அவர் என்ஜினைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்து டேஷ்போர்டைத் தடவினார். ஒரு வெடிப்பில்லை. சீட்டில் ஒரு கீறல் இல்லை. இத்தனை வருட வெயில் அதன்மேல் விழுந்ததாகவே தெரியவில்லை.

"எம்புட்டுச் சுத்தமா வச்சிருக்காரு டீச்சர்! வண்டியவே இப்புடிப் பாத்துக்கிட்டவரு, ஒங்களயெல்லாம் எப்புடிப் பாத்துக்கிட்டிருப்பாரு!"

"ஆமாம்மா. நல்லாப் பாத்துக்கிட்டாரு" என்றேன்.

அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெனி என் தோளில் சாய்ந்து அழுதாள்.

நான் சொன்னது பொய்யில்லை. என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. குடித்ததில்லை. என் சம்பளத்தை என்ன செய்தாய் என்று கேட்டதில்லை. ஜெனியைப் படிக்கவைத்தீர்கள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, நாலு செய்தித்தாளுக்காக ஒரு நல்ல மனிதர்மேல் எனக்கு மனம் ஆறவில்லை என்றால் ஊரில் யார் கேட்பார்கள்? கோபப்படுவதற்காவது நீங்கள் கொஞ்சம் கெட்டவராக இருந்திருக்கலாம்.

ஜெனிக்குத் தெரிந்ததெல்லாம் தாத்தா நெஞ்சுவலியில் போனார் என்பதுதான். அவளுடைய அப்பா நல்லவர், பொறுமையானவர், எதையும் பத்திரமாக வைத்திருந்தவர். அவளுக்கு அது அப்படியே இருக்கட்டும். மீதியை நான் வைத்துக்கொள்கிறேன்.