நாலு வரி, நாலு நாள்

உங்கள் படத்துக்குக் கீழே கொசுவத்தி ஏற்றி வைத்திருக்கிறார்கள், சார். சத்தியமாக நான் வைக்கவில்லை. செமினார் ஹாலின் ஏரிப்பக்கத்து ஜன்னல் திறந்து கிடந்தது. அட்டெண்டர் அண்ணன் பாவம், ஒரு பச்சைச் சுருளைப் பற்றவைத்து, மாலைக்கு நேர் கீழே தள்ளிவிட்டுப் போய்விட்டார். இரங்கல் கூட்டத்தில் காலேஜே தலைகுனிந்து நின்றது. துக்கம் என்று மேடையில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். பாதிப் பேர் சிரிப்பை அடக்கத்தான் குனிந்தார்கள். உங்கள் பட்டப்பெயர் உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியுமே. கொசு.

நான்தான் வைத்தேன், முதல் வருஷத்தில். டிராயிங் ஹாலில் பின்னாலிருந்து சத்தமில்லாமல் வருவீர்கள். காதுக்குப் பக்கத்தில் "ம்ம்ம்ம்?" என்று ஒரு நீட்டு. திரும்புவதற்குள் கடி. வேறு என்ன பெயர் வைப்பது?

ஆனால் அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. அந்தப் புகை நாற்றம் உங்கள் அறையின் நாற்றம். மேஜைக்குக் கீழே வருஷம் முழுக்க ஒரு சுருள் எரிந்துகொண்டே இருக்கும். அந்த நாற்றத்தோடு என் மூக்குக்குள் இன்னொரு நாள் வந்துவிட்டது.

டிபார்ட்மென்ட் மேடம் கூப்பிட்டு, "நீதான் தமிழ் நல்லா எழுதுவியே, சாரைப் பத்தி மேகசின்ல ரெண்டு பக்கம் எழுது" என்றார். இதுதான் அது. கொடுக்கப்போவதில்லை. வருஷத்துக்கு அறுபதே பேரைச் சலித்துப் பொறுக்கி எடுக்கும் காலேஜ் என்று பெருமையாகச் சொல்வீர்கள். சல்லடையும் நீங்கள்தான், சலிப்பும் நீங்கள்தான் என்று அதில் எழுதினால் அச்சில் வருமா?

காலேஜில் மற்ற எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ். வராண்டாவில் தும்மினால்கூட இங்கிலீஷில் தும்ம வேண்டும். லேட்டாக வந்தால் எழுதும் மன்னிப்புக் கடிதம் மட்டும் தமிழில். "உங்க வீட்ல படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். புரியாம போட்டேன்னு யாரும் சொல்லக் கூடாது" என்பீர்கள். எங்கள் பயல்கள் பாதிப் பேருக்குத் தமிழில் நாலு வரி சேர்ந்தாற்போல் எழுத வராது. அதனால் நான் ஒரு மூலக் கடிதம் தயார் செய்தேன். ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதுவதுபோல எல்லாரும் அதைப் பார்த்து எழுதினார்கள். உங்கள் பைலில் இருந்த முக்கால்வாசி மன்னிப்பு என்னுடையதுதான், சார். இதுதான் அது:

கொடுத்த நேரத்துக்குள் வகுப்புக்கு வராதது என் தவறு.
சுயமாக உணர்ந்தே இதை எழுதுகிறேன்.
வேறு யாரும் இதற்குக் காரணம் இல்லை.
போதும் இந்தப் பழக்கம் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் மேலிருந்து கீழே படித்தால்: கொசுவே போ. இந்தச் சங்கதி எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் வரிகளைப் பத்தியாக ஓட்டி எழுதியதால் அது உள்ளேயே புதைந்து கிடந்தது. மாசக்கணக்கில் உங்கள் பீரோவுக்குள் உங்களைப் "போ போ" என்று சொல்லிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் அதை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரிப்பேன்.

அப்புறம் யூசுப் எழுதினான். என் பெஞ்ச்மேட். தாம்பரத்தில் அவன் அப்பாவுக்கு, அவன் பாஷையில் அத்தாவுக்கு, பிரிட்ஜ் ரிப்பேர் கடை. பொங்கலுக்கு முந்தின நாள் பெருங்களத்தூரில் ஊருக்குப் போகிற கூட்டத்தில் பஸ் மாட்டி, அவன் ஒரு மணி நேரம் லேட். என்னிடம் கடிதம் கேட்டான். கொடுத்தேன். அவன் டிராயிங்கில் உங்கள் செல்லப்பிள்ளை. "இவன் ஷீட்டைப் பாருங்கடா, மார்ஜினைப் பாருங்கடா" என்று எங்கள் மூஞ்சியில் ஆட்டுவீர்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே எழுதினான். இடப்பக்கம் மார்ஜின் கோடு. வரிக்கு ஒரு வாக்கியம். முதல் எழுத்து மட்டும் இரண்டு மடங்கு உயரம், தடித்த பென்சிலில்.

மறுவாரம் அவன் அத்தாவை வரச் சொன்னீர்கள். நான் உங்கள் அறை ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். அத்தா கடையிலிருந்து நேராக வந்திருந்தார், சட்டைப் பையில் ஸ்குரூடிரைவரோடு. யூசுப் பக்கத்தில் நின்றான்.

"படிங்க பாய்" என்றீர்கள்.

படித்தார். "நல்லாத்தானே சார் எழுதிக்கீறான்?"

"முதல் எழுத்தை மட்டும். மேலேருந்து கீழே."

"கொ... சு... வே..." அவர் நிறுத்தினார்.

"முடிங்க."

"போ."

"யாரைச் சொல்றான்னு கேளுங்க உங்க பையனை."

யூசுப் அந்தக் கடிதத்தை அப்போதுதான் முதல்முதலாகப் பார்ப்பவன்போலப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தான். என்னை. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எழுதினது நான்தான் சார்" என்றான்.

கையெழுத்து அவனுடையதுதானே. பொய் இல்லை. அதிலும் என் மூன்றாவது வரி வேறு அவன் கையாலேயே சொல்கிறது, வேறு யாரும் காரணம் இல்லை என்று.

அவனை உள்ளே விடக் கூடாது என்று கேட்டில் சொல்லிவிட்டீர்கள். மூன்று நாள் அப்பாவும் பிள்ளையும் காலேஜ் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். காலேஜ் பஸ் அவர்களைத் தாண்டித்தான் உள்ளே வரும். முதல் நாள், உங்கள் கோபம் ஆறிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள், இப்போது போய்ச் சொன்னால் இரண்டு பேரும் போவோம், அதில் யாருக்கு லாபம் என்று சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் இடத்தை மாற்றி வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தேன். அவர்கள் நிற்பது இடப்பக்கம்.

நாலாவது நாள் காலையில் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். அன்றைக்குச் சாயங்காலம் உங்கள் அறைக்கு வந்தேன். அதே நாற்றம்.

"சார், அந்த லெட்டர் என்னுது."

"தெரியும்." நீங்கள் நிமிரக்கூட இல்லை. "'சுயமாக'ன்னு எழுதுற ஆளா அவன்? உன்னோட பழைய லெட்டரை எடுத்துப் பார்த்தேன். அதே நாலு வரி."

"தெரிஞ்சே ஏன் சார் அனுப்பினீங்க?"

"நீ வர்றியான்னு பார்த்தேன். எத்தனை நாள் ஆச்சு?"

"நாலு."

"முதல் நாள் வந்திருந்தா ரெண்டு லெட்டரையும் கிழிச்சுப் போட்டிருப்பேன்." ஷீட்டைத் திருத்த ஆரம்பித்தீர்கள். "போ."

அந்த எழுத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்.

இது என்ன கணக்கு, சார்? எனக்கு வைத்த பரீட்சையில் அவனை ஏன் பெயிலாக்கினீர்கள்? இந்தக் காலேஜில் சீட் கிடைத்ததற்கு அவன் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தவர் அவன் அத்தா. அவரை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தீர்களே, அது எந்தப் பாடத்தில் வருகிறது? செமஸ்டர் லீவில் உங்களுக்கு மாரடைப்பு என்று கேள்விப்பட்டபோது எனக்கு வருத்தம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நிஜமாகவே கிழித்திருப்பீர்களா, இல்லை என்னைக் குத்துவதற்காகச் சும்மா சொன்னீர்களா என்று உங்களை ஒரு தடவை மடக்கிக் கேட்கலாம் என்றிருந்தேன். கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாமல் செய்துவிட்டீர்கள்.

யூசுப் இப்போது பெருங்களத்தூரில் புதிதாகக் கட்டும் அபார்ட்மெண்டுகளில் அத்தாவோடு ஏ.சி. மாட்டுகிறான். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன விஷயத்தைச் சொல்லப் போனேன். மூன்றாவது மாடியில் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தான். தலையெல்லாம் சிமெண்டுத் தூள்.

"இன்னா மச்சான், நீ இன்னும் ஏ.சி., டி.சி.ன்னு கரண்ட் பாடம் படிச்சுகினு கீறியா? எனக்கு டி.சி. முடிஞ்சுது. ஏ.சி.தான் ஓடிகினு கீது."

என்னைவிட நல்ல சொல்விளையாட்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் போய்விட்டீர்கள் என்று சொன்னேன். துளைபோடும் மெஷினைக் கீழே வைத்தான். "நல்லா வரையக் கத்துக் குடுத்தாருடா" என்றான். அவன் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன்.

பிறகு சுவரைப் பார்த்தபடியே கேட்டான். "அன்னிக்கு நீ அவராண்ட போயி சொன்னியாடா?"

"சொன்னேன்."

"தெரியும் மச்சான். நீ சொல்லியிருப்பேன்னு அத்தாகிட்ட அப்பவே சொன்னேன். சாருதான் காதுல வாங்கியிருக்க மாட்டாரு." மறுபடி மெஷினை எடுத்துக்கொண்டான்.

எப்போ என்று அவன் கேட்கவில்லை. என் தலைக்குள் இருக்கும் எல்லாச் சிலேடையையும்விட அந்த ஒரு சொல்தான் எனக்கு இப்போது பயம். எப்போ. அதைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். பதில் தெரிந்தவரும் நீங்கள் ஒருவர்தான். இப்போது படத்துக்குள் போய்விட்டீர்கள். எனக்கு நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்?

இந்தக் கடிதத்தை வரி வரியாக எழுதவில்லை, சார். பத்தியாகத்தான். மேலிருந்து கீழே தேடாதீர்கள், உள்ளே எதுவும் ஒளித்துவைக்கவில்லை. உங்களை நான் மன்னிக்கவும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி அந்த மூன்றாவது மாடிக்குப் போகிறேன். மெஷின் சத்தம் நின்றதும், அவன் கேட்பதற்கு முன்னால், நாலாவது நாள் என்று சொல்ல வேண்டும்.