திரும்பி வந்த பன்னிரண்டு தாள்கள்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. அம்மா நலம். முழங்கால் மட்டும் அவள் சொல்பேச்சு கேட்பதில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கத்துவேன், நீ அழுவாய், அம்மா வந்து போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் கடிதம்.

சேர்க்கைக்கு நீ அனுப்பிய பன்னிரண்டு படங்களையும் கல்லூரி திருப்பி அனுப்பியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை பார்சல் வந்தது. நான் வேலையிலிருந்து வருவதற்குள் அம்மா பிரித்துக் கட்டில் முழுக்கப் பரப்பி வைத்திருந்தாள். பதினொன்று நான் வரைந்தவை. ஒவ்வொன்றின் கீழும் உன் பெயர். என் பெட்டியின் சாவி எங்கே இருக்கும் என்று உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அது தப்பு என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. எப்படி வரும்? என் நோட்டுகளை அவள் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் இடது கையால் எழுதியதற்கு அடி வாங்கி வாங்கி, அந்தக் கையால் எதைச் செய்தாலும் ஒளித்துச் செய்யப் பழகிவிட்டேன். எழுதுவதும் வெட்டுவதும் வலது கைக்குப் போயின. வரைவது மட்டும் இடது கையில் தங்கியது.

போன வாரம் கேட்டாயே, புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று. நான் அதே கல்லூரியில் இரண்டு வருடம்தான் தாக்குப்பிடித்தேன் என்றாலும் கேட்டதற்குச் சொல்கிறேன். கத்தி பிளேடை அடிக்கடி மாற்று. மழுங்கிய பிளேடுதான் ஆபத்து, அழுத்த அழுத்த வழுக்கும். ஒரு மத்தியானம், மாதிரி வீட்டுக்கு அட்டை வெட்டும்போது, இன்னும் ஒரே ஒரு வெட்டுதானே என்று நானும் மாற்றாமல் விட்டேன். பிளேடு அளவுகோல் மேல் ஏறிவிட்டது. அளவுகோலைப் பிடித்திருந்தது இடது கை. மற்றவர்களுக்கு என்றால் இரண்டு விரலோடு போயிருக்கும். எனக்கு வரைகிற கையே போனது. இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். ஆஸ்பத்திரியில் எனக்குச் சாப்பாடு ஊட்டியதே நீதானே.

பென்சில் படம் கலையாமல் இருக்க அடிக்கும் ஸ்பிரேயை அறைக்குள் அடிக்காதே, மொட்டை மாடிக்குப் போ. சாப்பிடாமல் வகுப்புக்குப் போகாதே. படங்களைச் சுவரில் மாட்டி எல்லோரும் சேர்ந்து குறை சொல்லிக் கிழிக்கும் நாள் ஒன்று வரும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாமல், சொல்வதைக் குறித்துக்கொள். அன்றைக்கு அழுகை வந்தால் குழாயைத் திறந்துவிட்டு அழு. நீ குளிக்கவே ஒரு மணி நேரம் எடுப்பவள், யாருக்கும் சந்தேகம் வராது.

இனி முக்கியமான விஷயம். பார்சலுக்குள் என் பெயருக்கு ஒரு சின்ன உறை இருந்தது. என் காலத்திலும் கோட்டுப்பட வகுப்பு எடுத்த அதே சார் எழுதியது. நாலே வரி. நிழல் போட நான் இழுக்கும் கோடுகள் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும். உன்னுடையவை அதற்கு நேர் எதிர். முதல் வாரம் நீ வகுப்பில் வரைந்ததைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. மாதக் கடைசி வரை பொறுப்பேன், அவளே வந்து சொல்லட்டும், அதற்குப் பிறகு நான் அலுவலகத்தில் சொல்ல வேண்டியிருக்கும் என்று எழுதியிருக்கிறார். விரல் எப்படி இருக்கிறது என்றும் கேட்டிருந்தார்.

நீ சொன்னால் சீட் போகலாம். போகாது என்று பொய் சொல்ல மாட்டேன். அவை அவளுடையவைதான் என்று நான் சாருக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் தப்பித்துவிடலாம் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பேனாவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். பத்துப் படங்களுக்கு என்றால் எழுதியிருப்பேனோ என்னவோ. பதினொன்றாவது அப்பா.

‘உறங்கும் அப்பா’ என்று அதற்குத் தலைப்பு வேறு வைத்திருக்கிறாய். அவர் உறங்கவில்லையடி. என் கைக்கு ஒன்றும் ஆகாத காலம். உனக்கு அன்று பரீட்சை, அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். மூச்சு நின்றுவிட்டது எனக்குத் தெரிந்தது. நர்ஸைக் கூப்பிட்டால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று நான் கூப்பிடவில்லை. பத்து நிமிடம் வரைந்தேன். பிறகுதான் கூப்பிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முன்பே சொல்லியிருந்தால் நீ அதைத் தொட்டிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

அம்மா அதைச் சட்டம் போட்டுவிட்டாள். ‘சின்னவ கையில இப்படி ஒரு வித்தையா, எவ்ளோ நிம்மதியாத் தூங்குறார் பாரு’ என்று எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டச் சொன்னாள். ஆணி அடித்தது நான்தான். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவர் தூங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உன் மேல் கோபம் இருக்கிறது. இந்த வாரம் நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடையில் ஐந்து அடையாள அட்டைகளை லேமினேட் செய்யும்போது கோணலாக ஒட்டி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் பன்னிரண்டாவது தாளைத்தான் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். கலர் காகிதத்தைக் கிழித்து ஒட்டிய நம் குளியலறை வாளி. கைப்பிடி கோணல், தரை மேலே ஏறுகிறது, ஆனாலும் தண்ணீர் ஈரமாகத் தெரிகிறது. அது எனக்கு வராது. அதை ஏன் கடைசியில், எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தாய்?

சாரிடம் போ. போய்ச் சொல். சீட் போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வா, அம்மாவிடம் என்ன சொல்வது என்று இரண்டு பேருமாக யோசிப்போம். சொல்லி முடித்ததும் எனக்கு ஒரு வரி எழுது. அப்பாவை இறக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அந்த ஆணியில் உன் வாளியை மாட்டுகிறேன். அதுவரை தினமும் அவருக்கு நேர் கீழேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பிளேடை மாற்று.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று இன்னமும் நினைக்கும்
உன் அக்கா