மாமாவின் நாற்காலிக்கு அடியில்

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

தங்களை எழுப்பத் தயங்கி இதை எழுதி வைக்கிறேன். பாப்பாவுக்கு மறுபடியும் மூச்சு இரைப்பதால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறேன். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது.

கேட்காமல் மாமாவின் நாற்காலியை நகர்த்தியதற்கு மன்னிக்கவும். அதன் அடியில் கம்பளம் முழுவதும் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. மாமா போனதிலிருந்து தாங்கள் அந்த இடத்தைத் தினமும் ஈரத்துணியால் துடைத்து, காய்வதற்குள் நாற்காலியை அதன் கால்கள் பதிந்த அதே பள்ளங்களில் வைத்துவிடுகிறீர்கள். "அவரு கால் வச்ச இடம்டி, அழுக்கா விடுவேனா?" என்று தாங்கள் கேட்டபோது, அந்த ஈரம்தான் காரணம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வினிகர் தெளித்துத் தேய்த்துப் பார்த்தேன். அடிவரை ஊறியிருப்பதால் போகவில்லை. மருத்துவரும் போனில், "அந்தக் கம்பளத்த எடுக்காம குழந்தைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்கம்மா" என்றுவிட்டார். அதை எடுத்துச்செல்ல மாலையில் ஆள் வருவார். அருள்கூர்ந்து கதவைத் திறந்துவிடுங்கள். தாங்கள் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அப்படியானால் பாப்பாவுடன் என் அம்மா வீட்டிற்குத்தான் போக வேண்டியிருக்கும்.

பணிவுடன்,
மருமகள்

பி.கு.: ஜன்னல்களைத் திறந்தே வையுங்கள்.

இன்னொன்று: நாற்காலி நின்ற இடத்தைச் சுவரிலிருந்து நூலால் அளந்து முடிச்சுப் போட்டிருக்கிறேன். நூல் நாற்காலியின் கையில் கட்டியிருக்கிறது. வெறும் தரையிலும் அது அதே இடத்தில் நிற்கும், அத்தை.