ரிலீவர் வரும்வரை

இன்று காலை ரயில் பாஸைத் தேடிக் கைப்பையின் பக்க ஜிப்பைத் திறந்தேன். பாஸ் கைக்கு வருவதற்குள் உன் வாசனை வந்துவிட்டது. சித்தரத்தை. நகத்தளவுத் துண்டு ஒன்று, மிட்டாய்க் காகிதத்தில் சுற்றியபடி மூலையில் கிடந்தது. எப்போது போட்டாய் என்று தெரியவில்லை. என் பை, உன் பை என்ற வித்தியாசமெல்லாம் உனக்கு என்றைக்கு இருந்தது?

வண்டி ஊரிகத்தை விட்டுக் கிளம்பியிருந்தது. அடுத்தது கோரமண்டல், நீ ஏறும் ஸ்டேஷன். கை தன் பாட்டுக்குப் பக்கத்து இருக்கையில் குடையை வைத்துவிட்டது. ஒரு வருடமாகியும் இந்தக் கைக்குப் புத்தி வரவில்லை. கோரமண்டலில் ஏறிய ஒருவர், "யாராச்சும் வராங்களா மேடம்?" என்று குடையைக் காட்டிக் கேட்டார். "யாரும் இல்லீங்க, உக்காருங்க" என்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நம் பாட்டுக் குழு நம் ஊரில் பாடிவிட்டது. ஊரிகத்தில், பழைய பள்ளிக்கூட ஹாலில். "ஊரு ஊரா போயி பாடறோம், நம்ம ஊர்ல எப்ப மேடம்?" என்று வருடா வருடம் கேட்டவள் நீ. நீ இல்லாதபோது அது நடந்தது. அதில் எனக்கு இன்னும் கோபம்தான். யார்மேல் என்று கேட்காதே.

நாம் சேர்ந்த நாள் உனக்கும் மறந்திருக்காது. பெங்களூரில் மேடம் ஒரு சின்னக் கொயர் தொடங்குகிறார், பதினாறே குரல், ஒரு வகைக் குரலுக்கு நாலு பேர், சம்பளத்துக்குப் பாட வேண்டும் என்று கேள்விப்பட்டு, துணைக்கு வா என்று என்னை இழுத்துப் போனவள் நீதான். என் அப்பா நம்பவேயில்லை. "பாட்றதுக்கு மாசச் சம்பளமா? யாருடி அந்தப் பைத்தியக்காரன்?" என்றார். குரல் சோதனையில் மேடம், முன்பு எங்கே பாடியிருக்கிறாய் என்று கேட்டதற்கு நீ சொன்னாய்: "ஸ்கூல்ல ப்ரேயர்ல நிப்பேன் மேடம். ஆம்பளக் குரலு, ஒதட்ட மட்டும் அசைன்னுட்டாங்க. ஆறு வருசம் அசைச்சேன்." மேடம் சிரிக்கவில்லை. பியானோவின் கீழ்க் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார். நீயும் படியில் இறங்குகிறவள் மாதிரி இறங்கிக்கொண்டே போனாய். நல்ல ஆல்டோ, பெண் குரலில் கீழ்க்குரல், இந்த ஊரில் தேடினாலும் கிடைக்காது என்றார் மேடம். நீ வெளியே வந்து அழுதாய். நான் பார்க்காத மாதிரி காபி வாங்கப் போனேன்.

அந்த நாளில் இங்கே கொயர் என்றால் கிறிஸ்துமஸ்தான். தமிழ்ப் பாட்டை நாலு குரலில் பாடினால் சொல் நசுங்கிவிடும், ராகம் கலைந்துவிடும் என்று சர்ச் பாட்டுக்காரர்கள், கர்நாடக சங்கீதக்காரர்கள் இரண்டு பக்கமும் திட்டினார்கள். மேடத்துக்கு ஒரு பிடிவாதம். சுருதிப் பெட்டி வேண்டாம், பியானோவும் வேண்டாம், குரலே சுருதி பிடிக்கட்டும் என்றார். நாம் இருவரும் கீழ் ஸ்வரம், மற்ற இரண்டு ஆல்டோக்கள் பஞ்சமம். பாட்டு முழுக்க அறுபடாமல் நிற்க வேண்டும். மனுஷி மூச்சு விடாமல் எப்படி நிற்பாள்? ஜோடியில் ஒருத்தி மூச்சு வாங்கும்போது இன்னொருத்தி பாட வேண்டும். உலகத்துக் கொயர்கள் எல்லாம் செய்வதுதான். ஆனால் நாம் செய்தால் ஒவ்வொரு முறையும் வண்டி ஸ்பீட் பிரேக்கரில் ஏறிய மாதிரி ஒரு குலுக்கல். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பழி சொல்லிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் நீ உன் அப்பாவைப் பற்றிச் சொன்னாய். நம் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை, அந்தக் கேஜை, ஓட்டுகிற வைண்டிங் எஞ்சின் அவர் கையில். "அடுத்த ஷிஃப்டு ரிலீவர் உள்ள வந்துட்டான்னு எங்கப்பா எழுந்துக்க மாட்டாரு மேடம். அவன் கை லிவர்மேல வந்து உக்காரணும். ரெண்டு கையும் கொஞ்ச நேரம் ஒண்ணா இருக்கும். அப்புறம்தான் இவரு கைய எடுப்பாரு. கேஜுல இர்க்கறவனுக்கு ஆள் மாறனதே தெரியக் கூடாது." மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். அன்று முழுக்க அதையே செய்து பார்த்தோம். முதலில் ஜோடிக்காரியின் குரல் நம் குரல்மேல் வந்து உட்கார வேண்டும். பிறகுதான் நாம் நழுவ வேண்டும். திரும்பி வரும்போது அவள் குரலுக்கு அடியில், சத்தமில்லாமல். அது நமக்குப் படிய மாதக்கணக்கானது.

பாசஞ்சர் வண்டியில்கூட விடவில்லை நீ. பங்காருப்பேட்டை வரும்வரை ஒரே ஸ்வரம். யார் மூச்சு வாங்க வேண்டுமோ அவள் முழங்காலை மற்றவள் அழுத்துவாள். எதிரே கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா, "இன்னாம்மா, டிரான்ஸ்பார்மர் கணக்கா உறுமிகினே வரீங்க? ஒடம்புக்கு ஆவலியா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? நீ சிரித்ததில் ஸ்வரம் போய்விட்டது. "சிரிச்சாலும் நீ புடிச்சிகினு இருக்கணும்டி, நீதான் ரிலீவரு" என்று என்னைத்தான் திட்டினாய்.

எனக்கு மூச்சு சின்னது. கூட்டம் நிறைந்த மேடையில் இன்னும் சின்னதாகிவிடும். ஒவ்வொரு முறையும் பாட்டு தொடங்குமுன் என் காதருகே குனிந்து சொல்வாய்: "நீ வாங்கிக்கடி. நான் கீறேன்." இருக்கிறேன் என்பதை நம் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பெங்களூர் போனதும் நான் 'இருக்கேன்' என்று மாறிவிட்டேன். நீ மாறவேயில்லை. சித்தரத்தை நாற்றத்தோடு அந்தச் சொல் வந்தால்தான் எனக்குப் பாட வாய் திறக்கும். இன்னொன்றும் உன்னிடம் சொன்னதில்லை. பாடும்போது நம் இருவர் குரலையும் எனக்கே பிரிக்கத் தெரியாது. நான் மூச்சு வாங்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும்தான் உன் குரல் எனக்குத் தனியாகக் கேட்கும். அதற்காகவே சில சமயம் தேவையில்லாமல்கூட மூச்சு வாங்கியிருக்கிறேன்.

உன் அம்மா சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பாடிய தாலாட்டை மேடம் நாலு குரலுக்கு எழுதினார். 'தங்கமெடுக்கப் போனவரே, தரைக்குமேல வந்தீரோ' என்று தொடங்குமே, அதுதான். தாலாட்டை மேல்குரல்கள் பாட, நாம் அடியில் எஞ்சின்போல நிற்போம். அந்தப் பாட்டுதான் நம் குழுவை ஊர் உலகத்துக்குக் காட்டியது. இங்கேயே இருக்கிற பாட்டை, இங்கேயே இருக்கிற மொழியில், நாலு குரலில் நசுக்காமல் பாட முடியும் என்று அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் நம்பினார்கள். கல்லூரிக் கொயர்கள் மேடத்திடம் பாட்டுத் தாளை வாங்கிப் போனார்கள். புதிதாகத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதுகிறவர்கள், சுருதியைக் குரலுக்கே கொடுத்து எழுதத் தொடங்கினார்கள். வெளிநாட்டில் ஒரு குழு அதைப் பாடிய வீடியோ வந்தபோது நான் அவர்கள் உச்சரிப்பைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். நீ போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "அத்த வுடுடி. ரிலீவர் எவ்ளோ அழகா மாத்றாங்க பாரு. எங்கப்பன் எங்க போயிட்டான் பாரு" என்றாய். அவ்வளவு சந்தோஷமாக உன்னை அதற்குமுன் பார்த்ததில்லை.

மழைக்காலம் தொடங்கும்போது நோயில் படுத்தாய். மழை விடுவதற்குள் போய்விட்டாய்.

உன் இடத்துக்கு மேடம் ஆள் எடுத்தார். எடுக்கத்தான் வேண்டும். பங்காருப்பேட்டைக்குப் பக்கத்துப் பூதிகோட்டைக்காரி. வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடம், என்னிடம் மட்டும் தமிழ். நல்ல குரல். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. "அக்கா, எங்கெங்க மூச்சு எடுக்கணும்னு சொல்லுங்க" என்று அவள் கேட்டபோது, "பாட்டுல பாத்துக்கம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ மூச்சு வாங்கிய இடங்கள் எனக்கு மனப்பாடம். அவற்றை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

ஊரில் பாடப் போகிறோம் என்று முடிவான பிறகு நடந்த ஒத்திகையில் அது வெடித்தது. தாலாட்டின் நடுவில், வழக்கமான இடத்தில், உடம்பு பழக்கத்தில் நான் நழுவினேன். அடியில் யாருமே இல்லை. அவளும் அதே இடத்தில் மூச்சு வாங்கியிருந்தாள். ஸ்வரம் அறுந்தது. மேல்குரல்கள் தடுமாறி நின்றன. "ஆல்டோஸ், அங்க யாரும் இல்லையா?" என்றார் மேடம். கோபமாகக்கூட இல்லை. பூதிகோட்டைக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா எங்க எடுக்கறாங்களோ அங்கதான் நானும் எடுக்கணும்னு நினைச்சேன்" என்றாள். நான் தாளை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஊரில் நான் பாடுவதில்லை என்று முடிவு செய்தேன். நம் ஜனங்கள் முன்னால், உன் அம்மா முன்னால், உன் பாட்டு நடுவில் அறுந்தால் என்னால் தாங்க முடியாது. மேடத்திடம் சொல்வதற்கு முன் உன் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று கோரமண்டலுக்குப் போனேன். புத்தர் படத்துக்குக் கீழே உன் படம். சிரித்துக்கொண்டிருக்கிறாய், பல் தெரிய. அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார்.

"மைன் மூடனாங்களே, அன்னிக்கு உங்க அப்பாரு, அதான் அவ அப்பா, இன்னா பண்ணாரு தெரிமா?" என்றார்.

"தெரியாதும்மா."

"ஷிஃப்டு முடிஞ்சிப் போச்சி. இனிமே எவனும் வரமாட்டான்னு அவருக்கும் தெரியும். ஆனா லிவர்மேலேர்ந்து கைய எடுக்கல. அப்டியே உக்காந்துகினு கீறாரு. கூப்ட்டா வரல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. வாசல்ல நின்ன வாச்மேன் ஒருத்தன், எஞ்சினப் பத்தி ஒண்ணும் தெரியாதவன், வந்து அவரு கைமேல கைய வெச்சான். 'நான் கீறேன், நீங்க போங்கண்ணே'ன்னான். எழுந்து வந்துட்டாரு." உன் அம்மா ஒரு கைப்பிடிக் கடலையை என் கையில் திணித்தார். "ரிலீவருன்னா அவனே வரணும்னு இல்லம்மா. கைன்னு ஒண்ணு வந்தா போதும்."

கடலையைத் தின்றபடியே ஸ்டேஷன் வரைக்கும் அழுதுகொண்டு நடந்தேன். தெருவில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

மறுநாள் பூதிகோட்டைக்காரியை உட்கார வைத்தேன். தாளில் மூச்சு வாங்கும் இடங்களைப் பென்சிலால் குறித்தேன். உன் இடங்களை அவளுக்குக் கொடுக்கவில்லை. என் இடங்களைக் கொடுத்தேன். உன் ஷிஃப்டை நான் எடுத்துக்கொண்டேன். அது ஒன்றும் பெருந்தன்மை இல்லை, உன்னை விட்டுக்கொடுக்காமல் இருக்க எனக்குத் தோன்றிய ஒரே தந்திரம். இத்தனை வருடப் பழக்கத்தை மாற்றுவதற்குள் உயிர் போய்விட்டது.

சனிக்கிழமை ஹால் நிரம்பிவிட்டது. பென்ஷன்காரர்கள், வேலையிலிருந்து நேராக வந்தவர்கள், பிள்ளைகளோடு வந்தவர்கள். முன்வரிசையில் உன் அம்மா. அவர் பக்கத்தில் உன் வீட்டுக்காரர், தலையைக் குனிந்தபடி. பூதிகோட்டைக்காரியின் கை ஐஸ் மாதிரி இருந்தது. "அக்கா, பயமாயிருக்கு" என்றாள். நான் குனிந்து அவள் காதில் சொன்னேன்: "நீ வாங்கிக்கம்மா. நான் கீறேன்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

தாலாட்டு தொடங்கியது. நீ முதல் மூச்சு வாங்கும் இடம் வந்தது. அவள் குரல் என் குரல்மேல் வந்து உட்கார்ந்தது. நான் நழுவினேன்.

இத்தனை வருடம் அந்த இடத்தில் நான் பாடிக்கொண்டிருந்தேன். அதனால் அங்கே உனக்கு என்ன கேட்டது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. அன்று தெரிந்தது. தனியாக ஒரு குரல், கொஞ்சம் பயந்து, ஆனால் விடாமல், உனக்காகப் பிடித்துக்கொண்டு நிற்கும். நீயும் என்னை அப்படித்தான் கேட்டிருக்கிறாய். அவ்வளவு பேர் முன்னால் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆனால் நேரத்துக்குத் திரும்பி வந்துவிட்டேன், அவள் குரலுக்கு அடியில், சத்தமில்லாமல்.

பாட்டு முடிந்து எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். உன் அம்மா மட்டும் எழவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "நடுவுல நிக்கும், நிக்கும்னு பயந்துகினே இருந்தேன். நிக்கவே இல்லியேம்மா."

இதோ பங்காருப்பேட்டை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் இறங்கிவிட்டார். பூதிகோட்டைக்காரி கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தாள். மூக்கைச் சுளித்து, "என்னக்கா இது, மருந்து வாசனை?" என்றாள். துண்டு இன்னும் என் கையில்தான் இருந்தது. பைக்குள்ளேயே வைத்தால் இன்னும் ஒரு வருடம் மணக்கும். யோசித்தேன். பிறகு கடித்து இரண்டாக்கி, பாதியை அவளிடம் நீட்டினேன். வாயில் போட்டு முகத்தை அஷ்டகோணலாக்கினாள். "தொண்டைக்கு நல்லது, மெல்லு" என்றேன். இனி ஆல்டோ வரிசையில் இரண்டு வாய் நாறும். மேல்குரல் பாடும் சொப்ரானோக்காரிகள் வழக்கம்போல மூக்கைப் பிடித்துக்கொள்ளட்டும்.

வண்டி நகர்ந்தது. நான் நம் ஸ்வரத்தை மெல்லப் பிடித்தேன், அவளும் சேர்ந்துகொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் அவள் என் முழங்காலை அழுத்தினாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டேன்.